முதல் படியில் வேண்டிய வேகம்

இந்த மாதிரி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. பிசியோதெரபிஸ்டாக ஒன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறேன், அதில் ஏழு வருடம் ஒத்தக்கடையில் உள்ள நம் மையத்தில். அடுத்த வாரம் இரண்டாவது பிரசவத்துக்காக விடுப்பில் போகிறேன். திங்கள், புதன், வெள்ளி காலையில் நடக்கும் முதியோர் வகுப்பை இனி என்னோடு வேலை பார்க்கும் நீங்கள் இருவரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு எந்த முட்டி வலிக்கும், யாருக்கு ரத்த அழுத்தம் பார்த்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும், யார் மாத்திரை போட்டேன் என்று பொய் சொல்வார் என்பதெல்லாம் வகுப்பு நோட்டில் இருக்கிறது. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். நான்காவது முறையும் பார்ப்பேன் என்று நினைக்கிறேன். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு பழைய தாள் ஒட்டியிருக்கிறது. நடுவில் கோடு போட்டு அடித்த தாள். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் இருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மரியாதைக்காகக் கேட்காமல் விட்டிருப்பீர்கள். அது என்னவென்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பயந்த சுபாவம். உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்பு முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு சாயங்காலம் ஒவ்வொருவருக்கும் போன் செய்வேன். முட்டி வீங்கியிருக்கிறதா, தலை சுற்றுகிறதா, இடுப்பு பிடித்திருக்கிறதா என்று கேட்பேன். செக்கானூரணிப் பக்கம் தோட்டம் வைத்திருந்து, இப்போது மகள் வீட்டில் இருக்கும் கருப்பையா ஐயாவை உங்களுக்குத் தெரியும். அவர் ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னார்: "தாயி, நீ போன் பண்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் வலிக்கல. நீ கேட்டதுக்கப்புறம் தடவித் தடவிப் பாத்து, வலிய நானே கண்டுபிடிச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். போன் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். ஆனால் வகுப்பில் ஒரு சொல்லை மட்டும் விடவில்லை. எழும்போது "மெதுவா". உட்காரும்போது "மெதுவா". காலைத் தூக்கும்போது, இறக்கும்போது, திரும்பும்போது, தண்ணீர் குடிக்கப் போகும்போதுகூட "மெதுவா". பின்னால் என் மகள் யாழினி பிறந்து நடக்கத் தொடங்கினாள். வீட்டில் அவளிடமும் நாள் முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்திலும் யாரும் விழவில்லை. அதனால் அந்தச் சொல்தான் எல்லாரையும் காப்பாற்றுகிறது என்று நம்பிவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் புஷ்பம் அம்மா வந்தார். அறுபத்தெட்டு வயது. மதுரை நகரத்துக்குள் ஒரு பெண்கள் பள்ளியின் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு ஒத்தக்கடையில் தாங்கள் கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகன் சார்லஸ், ஓசூரில் வேலை. செவ்வாய்க்கிழமை தோறும் புஷ்பம் அம்மா டவுன் பஸ் ஏறி நகரத்தில் உள்ள சர்ச்சுக்கு நவநாள் பூசைக்குப் போவார். முடிந்ததும் பழைய பள்ளித் தோழிகள் நாலு பேரோடு காபி. வரும் வழியில் மீன். அந்த ஒருநாளை வைத்துத்தான் மற்ற ஆறு நாளும் ஓடியது என்று பின்னால் எனக்குப் புரிந்தது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு காலைப் படியில் வைத்து மறு காலை எடுக்கும் முன் பஸ் நகர்ந்துவிட்டது. கம்பியை விட்டுவிட்டுக் கையை ஊன்றி ரோட்டில் விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் பிரித்த பிறகு நம்மிடம் வந்தார்.

அவரைப் போல ஒழுங்கான நோயாளி எனக்கு அமைந்ததில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். தேதி, பயிற்சி, எண்ணிக்கை, குறிப்பு என்று நான்கு பத்தி. நான் சொன்னதை எழுதி, செய்து முடித்து, எதிரில் டிக் போட்டுக் காட்டுவார். கையோடு சேர்த்துக் காலுக்கும் பயிற்சி கொடுத்தேன். மூன்று எண்ணி எழ வேண்டும், மூன்று எண்ணி உட்கார வேண்டும். கணுக்காலில் மணல் பை கட்டிக் காலை நீட்ட வேண்டும். மூன்று மாதத்தில், வந்தபோது தூக்கியதைப் போல மூன்று மடங்கு எடை தூக்கினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மையத்தை விட்டு அனுப்பும் வாரத்தில் சார்லஸ் போன் செய்தார். மரியாதையான ஆள். குரலில் பதற்றம் தெரிந்தது. அம்மா திரும்பவும் பஸ் ஏறுவார்கள், நான் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன், போன் அடித்தாலே நெஞ்சு பதறுகிறது என்றார். அந்தப் பதற்றம் எனக்கு நன்றாகத் தெரிந்த பதற்றம். பிறகு அவர் கேட்டார்: "ஒரு உதவி மேடம். பஸ்ல போகக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துருங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. எழுத்துல இருந்தா மீற மாட்டாங்க."

எழுதிக் கொடுத்தேன். 'பேருந்துப் பயணத்தைத் தவிர்க்கவும்.' கையெழுத்து, தேதி, மையத்தின் முத்திரை. தப்பு செய்கிறோம் என்ற எண்ணமே வரவில்லை. எழுதாமல் விட்டு அவர் விழுந்தால் அது என் தலையில் விடியும், எழுதிவிட்டால் என் பக்கம் பத்திரம் என்று மட்டும் தோன்றியது.

புஷ்பம் அம்மா அதை இரண்டு முறை படித்தார். நான்காக மடித்து, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டார்.

"சரி மேடம். எழுத்துல வந்துருச்சுல்ல."

ஓர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் தாள்களுக்குக் கீழ்ப்படிந்தவரிடம் ஒரு தாளைக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து முதுகுப் பிடிப்பு என்று ஆட்டோவில் வந்து இறங்கினார். வரவேற்பில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், நான் கூப்பிட்டதும் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். முன்பு கையைக் கட்டிக்கொண்டு எழுந்தவர். சேலை தோளில் சரியாக நிற்கவில்லை, அவ்வளவு மெலிந்திருந்தார். வீட்டை விட்டு எங்கேயும் போவதில்லையாம். பூசை போனில் பார்க்கிறாராம். தோழிகள் இரண்டு முறை வந்துவிட்டு அப்புறம் வரவில்லையாம். மகன் கிறிஸ்துமஸுக்கு வருகிறான், முடிந்ததும் ஓசூருக்குக் கூட்டிப்போகிறான், வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பேசியாயிற்று என்றார்.

"அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு மேடம். எங்கயும் போகக் கூடாதுன்னு ஆனதுக்கப்புறம் இங்க தனியா இருந்து என்ன பண்ண?"

என் தாள்தான் அது.

நம் மையத்தை நடத்தும் பெரிய மேடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நோயாளிகள் முன்னால் நம்மைத் திட்ட மாட்டார். அன்று மதியம் புஷ்பம் அம்மாவின் கோப்பை எடுத்துப் புரட்டிக்கொண்டே வந்து அந்தக் குறிப்பின் நகலில் நிறுத்தினார்.

"எதப் பாத்தும்மா இத எழுதுன?"

விழுந்த வரலாறு, வயது, எலும்பு அடர்த்தி என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது சரி. அவங்க பஸ் ஏறுறத நீ பாத்தியா?"

"இல்ல மேடம்."

கோப்பை மூடி என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அதற்கு மேல் இன்றுவரை அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

புஷ்பம் அம்மாவை மறுபடி வகுப்பில் சேர்த்தேன். கிறிஸ்துமஸுக்கு நான்கு மாதம் இருந்தது. முதல் ஐந்து வாரம் பழைய முறையிலேயே பலத்தை மீட்டோம். மணல் பை பழைய எடைக்கு வந்தது. அப்போது ஒரு வெள்ளிக்கிழமை, அவரையும் கூட்டிக்கொண்டு மேலூர் ரோட்டில் உள்ள நிறுத்தத்துக்குப் போனேன். ஏற மட்டும் வேண்டாம், ஏற முடிகிறதா என்று பார்க்க மட்டும்தான், அது தாளை மீறியது ஆகாது என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நாலடி தள்ளி நின்றது. பின்னால் இன்னும் இரண்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஓட்டுநரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புஷ்பம் அம்மா நடந்து போய்க் கம்பியைப் பிடித்தார். வலது காலைப் படியில் வைத்தார். அங்கிருந்து உடம்பை மேலே தூக்க ஆரம்பித்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் கையை விரித்துக்கொண்டு நின்று மனதுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. முட்டி பாதிதான் நிமிர்ந்திருந்தது. நான்கு எண்ணும்போது கண்டக்டர் குனிந்து, "யம்மா, ஏறுறதுன்னா ஏறுங்க. இல்லன்னா விடுங்க, அடுத்த வண்டியில வாங்க" என்றார். அவர் காலை இறக்கிக்கொண்டார். பஸ் போய்விட்டது.

புழுதி அடங்கியது. பிறகு அவர் சொன்னார்: "நான் ஏறிட்டுத்தான் மேடம் இருந்தேன். பஸ்ஸுதான் நிக்கல."

சிரிப்பு வந்தது. கூடவே ஒன்று உறைத்தது. அவர் காலில் பலம் இருந்தது. இன்னும் மூன்று நொடி கிடைத்திருந்தால் ஏறியிருப்பார். மூன்று எண்ணி எழ வேண்டும் என்று மாதக்கணக்கில் நான்தான் பழக்கியிருந்தேன். அந்தக் கால் நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தது.

கல்லூரியில் நீங்களும் இதைப் படித்திருப்பீர்கள். எவ்வளவு எடையைத் தூக்க முடியும் என்பது ஒன்று. அதை எவ்வளவு சீக்கிரம் தூக்க முடியும் என்பது வேறு. வயது ஏறும்போது முதலாவதைவிட இரண்டாவதுதான் வேகமாகக் குறைகிறது. பஸ் படியும், தடுக்கியதும் இன்னொரு காலைச் சட்டென்று முன்னால் வைப்பதும், வண்டி வரும்போது ரோட்டைக் கடப்பதும் இரண்டாவதைத்தான் கேட்கின்றன. தேர்வில் இதை இரண்டு பக்கத்துக்கு எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். வகுப்புக்கு வந்த பிறகு, முதியவர்களை வேகமாக அசையச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை மணல் பைகளை அவிழ்த்து வைத்தேன். நாற்காலிகளைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். எழும்போது மட்டும் பட்டென்று எழ வேண்டும், உட்காரும்போது பழையபடி நிதானமாக. ஐந்து முறை, அப்புறம் ஓய்வு. மூச்சை அடக்கக் கூடாது. வேகம் குறைந்தால் அன்றைக்கு அதோடு போதும். எந்த வரிசையில் என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அன்று எனக்கு உள்ளங்கை வியர்த்தது மட்டும் நோட்டில் இல்லை.

கருப்பையா ஐயா முதலில் எழுந்தார். எழுந்த வேகத்தில் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"இம்புட்டு நாளா அடைகாக்குற கோழி மாதிரி உக்கார வச்சிட்டு, இன்னைக்கு வெடி வச்ச மாதிரி எந்திரிங்கிற. என்ன தாயி, வீட்ல மாப்ளகூட சண்டையா?"

"ஒண்ணுமில்ல ஐயா. எந்திரிங்க."

"எந்திரிக்கிறேன். வேட்டி வரணும்ல."

புஷ்பம் அம்மா சிரிக்காமல் ஐந்து முறை எழுந்தார். நோட்டில் 'வேகமாக எழுதல்' என்று புதிய தலைப்புப் போட்டு டிக் அடித்தார்.

ஏழு வாரம் நன்றாகப் போயிற்று. பலகைப் படி வைத்து ஏறப் பழகினார். சுவரில் பந்தை எறிந்து பிடித்தார். இப்போது நான் எண்ணுவதற்குள் நின்றிருந்தார். பழைய பிடிவாதம் முகத்தில் திரும்பியது. கருப்பையா ஐயாவின் எண்ணிக்கையில் தப்பு இருக்கிறது, ஆறை அவர் எட்டு என்று எழுதுகிறார் என்று என்னிடம் புகார் செய்யும் அளவுக்கு வந்துவிட்டார்.

எட்டாவது வாரம் ஒரு புதன்கிழமை, மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மையத்துக்குக் கூட்டி வந்திருந்தேன். யாழினி கொஞ்ச நேரம் ஓரமாகப் படம் வரைந்தாள். நான் புஷ்பம் அம்மாவின் எதிரில் நின்று "இப்ப" என்றேன். அவர் எழ ஆரம்பித்தார். அதே நொடியில், பலகைப் படிகளை மூன்றாக அடுக்கி வைத்திருந்ததன் மேலே யாழினி நின்று குதிக்கத் தயாராவது கண்ணில் பட்டது.

"மெதுவா!" என்று கத்திவிட்டேன்.

மகள் குதித்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் எதிரில் புஷ்பம் அம்மா பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றார். நான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றார். அந்த நிலையில் யாராலும் நிற்க முடியாது. மேலேயும் போகாமல், நாற்காலியிலும் விழாமல், பக்கவாட்டில் சரிந்து தரையில் உட்கார்ந்தார். நாற்காலிக் கால் முட்டியில் இடித்தது.

கருப்பையா ஐயா அந்த நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டார். யாழினி அழ ஆரம்பித்தாள்.

அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். உடனே தூக்கி உட்கார வைக்கத்தான் கை போனது. அப்படிச் செய்யாமல் இருந்தேன், அது ஒன்றைத்தான் அன்று சரியாகச் செய்தேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இடுப்பு, மணிக்கட்டு, முட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தோல் சிராய்ப்பு, லேசான வீக்கம், வேறில்லை. தலை சுற்றவில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆகல மேடம். நீங்க மெதுவான்னீங்க, நான் நிப்பாட்டிட்டேன். பிள்ளைக்குச் சொன்னதுன்னு தெரியல."

எழுந்திருக்க என் கையைக் கேட்டார். ஒரே மூச்சில் எழுந்துவிட்டார்.

அவர் பலவீனத்தால் விழவில்லை, வேகத்தால் விழவில்லை. பாதியில் தயங்கியதால் விழுந்தார். தயக்கம் என் வாயிலிருந்து வந்தது. அன்று எனக்குள் வந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? இதோடு நிறுத்திவிடலாம், மணல் பையை மறுபடி கட்டிவிடலாம். இரண்டாவது, மகனிடம் சொல்ல வேண்டாம், சிராய்ப்புதானே. இரண்டும் மாறி மாறி வந்தன. பெரிய மேடம் அன்று ஊரில் இல்லை. அவரிடம் கேட்கலாமா என்று போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பிறகு சார்லஸுக்கு நானே போன் செய்தேன். அம்மா விழுந்தார், அடி லேசானது, காரணம் நான் என்று நடந்தபடி சொன்னேன்.

அவர் உடனே கேட்டார்: "பஸ்ல போகக் கூடாதுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க. அப்புறம் எதுக்கு மேடம் இந்த வேலையெல்லாம்? நான் கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கல. இந்தச் சனிக்கிழமையே வாரேன், கூட்டிட்டுப் போயிர்றேன்."

"பாக்காம எழுதிட்டேன் சார். அது என் தப்பு. இந்தச் சனிக்கிழமை வேணாம், அடுத்த சனிக்கிழமை வாங்க. வந்து நீங்களே பாருங்க. பாத்துட்டு நீங்க என்ன சொன்னாலும் நான் குறுக்க பேச மாட்டேன்."

எப்படி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. போனை வைத்ததும், முடியாமல் போனால் என்ன ஆகும் என்ற கணக்கெல்லாம் வரிசையாக வந்தது. புஷ்பம் அம்மாவின் வீடு, செவ்வாய்க்கிழமை, தோழிகள், எல்லாம் ஒரு பஸ் படியில் நின்றன.

அந்தப் பத்து நாளில் இரண்டு மடங்கு பயிற்சி கொடுக்கத்தான் மனம் பறந்தது. கொடுக்கவில்லை. களைத்த கால் வேகம் இழக்கும். முட்டி வீக்கம் வற்ற மூன்று நாள் விட்டேன். பிறகு வழக்கமான எண்ணிக்கைதான். ஒன்றை மட்டும் மாற்றினேன். வகுப்பில் யார் எழும்போதும் நான் "இப்ப" என்ற ஒரு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். எனக்கு அது எந்தப் பயிற்சியையும்விடக் கஷ்டமாக இருந்தது. வீட்டில் யாழினி மாடிப்படியின் கடைசிப் படியிலிருந்து குதிக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன், கையை நீட்டி வைத்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை. அவள் குதித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் சத்தம் வரவில்லை என்று பார்த்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை சார்லஸ் வந்தார். நாற்பது வயது இருக்கும். அம்மாவின் கைப்பையை அவர்தான் வாங்கி வைத்திருந்தார். மையத்தில் எதையும் காட்டவில்லை. மூவரும் நேராக நிறுத்தத்துக்குப் போனோம். புஷ்பம் அம்மா வெள்ளையில் நீலப் பூப் போட்ட சேலை கட்டியிருந்தார்.

"மேடம், தாள் இன்னும் நடப்புல இருக்கு" என்று மட்டும் நிறுத்தத்தில் என் காதில் சொன்னார்.

"என் பொறுப்பு" என்றேன்.

பஸ் வந்தது. வழக்கம் போல நாலடி தள்ளி நின்றது. காலேஜ் பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். புஷ்பம் அம்மா நடந்து போனார். கம்பியைப் பிடித்தார். எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது அந்தச் சொல். பக்கத்தில் சார்லஸ் வாயைத் திறந்தார். "அம்மா, மெ" என்று ஆரம்பித்தவரின் கையைப் பிடித்துவிட்டேன்.

"சார், ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். இருவரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். புஷ்பம் அம்மா வலது காலை வைத்தார். நான் ஒன்று என்று எண்ண ஆரம்பிப்பதற்குள் மேலே இருந்தார். இடது கால் இரண்டாவது படியில். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தபோது அவர் உடம்பு லேசாகப் பின்னால் போய், உடனே முன்னால் வந்து நேராயிற்று. நடுவில் ஒரு கால் சட்டென்று மாறியதைப் பார்த்தேன். உள்ளே போய்விட்டார்.

பஸ் நேரே மதுரை ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் கீழேயே நின்றுகொண்டிருந்தோம். கூட ஏற வேண்டும் என்பதே இருவருக்கும் தோன்றவில்லை.

சார்லஸ் கையில் இருந்த பையைப் பார்த்தார். "அம்மா பர்ஸு என்கிட்டல்ல இருக்கு. டிக்கெட்டுக்கு என்ன பண்ணுவாங்க?"

"டவுன் பஸ்ல லேடீஸுக்கு டிக்கெட் இல்ல சார்."

அவர் சிரித்தார். கண் கலங்கியிருந்தது, அதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். கால் மணி நேரத்தில் அவர் போன் அடித்தது. எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்டது. புஷ்பம் அம்மா யாரோ ஒரு காலேஜ் பெண்ணின் போனிலிருந்து பேசினார்.

"எங்கடா இருக்க? நான் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். ரெண்டு பேரும் எனக்குப் பின்னால ஏறுவீங்கன்னு பாத்தா அங்கயே நின்டு வேடிக்க பாக்குறீங்க. வந்து சேரு. மீன் வாங்கணும்."

சார்லஸ் ஓசூரைப் பற்றி அன்று பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்து இருந்துவிட்டுத் தனியாகத்தான் திரும்பினார். இப்போதும் பயப்படுகிறார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்வார். பயம் போகவில்லை, அதற்கு ஒரு நேரம் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான்.

பஸ் ஏறிய அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள், புஷ்பம் அம்மா வகுப்புக்குச் சீக்கிரமே வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து என் மேசை மேல் விரித்தார்.

"இத இன்னும் ரத்து பண்ணல மேடம். நான் உத்தரவ மீறி பஸ்ல போயிருக்கேன்."

வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதித் தருகிறேன் என்று தாளை எடுத்தேன். அவர் அதன் மேல் கையை வைத்தார்.

"கிழிக்கக் கூடாது. ஆபீஸ்ல நாங்க அப்படிச் செய்ய மாட்டோம். ஒரே ஒரு கோடு, கீழ உள்ள எழுத்து தெரியிற மாதிரி. பக்கத்துல ரத்துன்னு எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பம் வைங்க. பழசு தெரியணும் மேடம். அப்பத்தான் பின்னால வர்றவங்களுக்கு என்ன மாத்துனோம்னு விளங்கும்."

பையிலிருந்து அவரே ஸ்கேலை எடுத்துக் கொடுத்தார். கோடு போட்டேன். எழுதினேன். சுருக்கொப்பம் வைத்தேன். முத்திரையும் வேண்டும் என்றார், வைத்தேன். ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தன் உறைக்குள் வைத்துக்கொண்டு, அசலை என்னிடமே விட்டுவிட்டார். உங்கள் வகுப்பு நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள் என்று அவர்தான் சொன்னார்.

நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது அதுதான். நீங்களும் ஒருநாள் யாருக்காவது 'தவிர்க்கவும்' என்று எழுதப் பேனாவை எடுப்பீர்கள். எழுத வேண்டி வரும் நாட்களும் உண்டு. எழுதும் முன் ஒரு தடவை முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே என் கையெழுத்து தெளிவாகத் தெரியும்.

எப்போதாவது வகுப்பைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினால் புஷ்பம் அம்மா வர மாட்டார், அன்றைக்கு அவரைத் தேடாதீர்கள்.